விறகு விலைக்குத் தண்ணீர் விற்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாதம். சுருளிப்பட்டியில் எங்கள் பலசரக்குக் கடையை ஒட்டிய காலி இடத்தில் விறகும் போட்டு விற்று வந்தோம். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்தான். மழை விட்டபாடில்லை. பலகாரம் சுடும் காலம் என்பதால் விறகுக்கு நல்ல கிராக்கி. வந்த லோடை இறக்கிய கையோடு தராசில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். கல்லாவும் நிறைந்தது, எங்கள் மனமும் நிறைந்தது.

முந்தின நாள் 20 கிலோ வாங்கிப்போன அப்பத்தா ஒருவர் மறுநாள் காலையில் கண் சிவந்து வந்து நின்றார். "ஏப்பா, நேத்து எனக்கு விறகு குடுத்தீகளா, தண்ணி குடுத்தீகளா? ஊதி ஊதி நெஞ்சு வலிக்குது. ஒரு சட்டி எண்ணெய் காயறதுக்குள்ள பொழுது போயிருச்சு" என்றார். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், அவர் கேட்டது உண்மை. நாங்கள் விறகு விலைக்குத் தண்ணீரையும் எடை போட்டுக் கொடுத்திருந்தோம்.

அன்றைக்கே அந்த லோடில் ஒரு கட்டையை எடுத்துச் சுண்ணாம்பால் குறி போட்டு எடை பார்த்தோம். சரியாக 4 கிலோ. அதைக் கடைத் திண்ணையில், நனையாத இடத்தில் சாத்தி வைத்துவிட்டோம். சித்திரையில் மறுபடி தராசில் வைத்தபோது 2 கிலோ 600 கிராம்தான் இருந்தது. யாரும் செதுக்கவில்லை, கரையானும் அரிக்கவில்லை. 1 கிலோ 400 கிராம் தண்ணீர் காற்றோடு போயிருந்தது. அந்த ஒரு கட்டை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வியாபாரப் பாடத்தைத்தான் நம் வணிக நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இன்னும் விறகா?

வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்துவிட்ட பிறகு விறகைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். 2007-இல் தமிழ்நாடு அரசு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் வழங்கத் தொடங்கியது. 2016 மே 1-ஆம் தேதி மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வீடுகள் புகையில்லாத எரிபொருளில் சமைக்கின்றன. இது மகிழ்ச்சிக்குரியது.

ஆனாலும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் விறகு அடுப்பு அணைந்துவிடவில்லை. காலையில் குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிப்பது, தீபாவளிப் பலகாரம், பொங்கல் பானை, கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பு, டீக்கடை பாய்லர், புரோட்டாக் கடை, பிரியாணிச் சட்டி என்று அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வரும்வரை விறகில் சமைக்கும் வீடுகளும் உண்டு. நம் கடைக்கு வந்து "அஞ்சு கிலோ விறகு போடுங்க" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கையில் காசு குறைவாக உள்ளவர்கள். அவர்களிடம் எடையில் ஏமாற்றினால் அது பாவம். ஏமாற்றுகிறோம் என்று தெரியாமலே ஏமாற்றுவது அறியாமை. அந்த அறியாமையைப் போக்கிக்கொள்வது வியாபாரியின் கடமை.

தண்ணீர்க் கணக்கு

அன்று வெட்டிய பச்சை மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர்தான். மரத்துக்கு மரம் கொஞ்சம் கூடும், குறையும். நன்றாகக் காய வைத்தால் அது 15 முதல் 20 விழுக்காட்டுக்கு இறங்கும். அதற்குக் கீழே நம் காற்றில் எளிதாக இறங்காது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 100 கிலோ பச்சை விறகு என்றால் 50 கிலோ மரம், 50 கிலோ தண்ணீர். இதைத் தண்ணீர் 20 விழுக்காடு ஆகும்வரை காய வைத்தால் மொத்த எடை 62 கிலோ 500 கிராம் ஆகிறது. அதே 50 கிலோ மரம். தண்ணீர் மட்டும் 12 கிலோ 500 கிராம்.

சூட்டின் கணக்கு இதைவிட முக்கியம். தண்ணீர் அறவே இல்லாத ஒரு கிலோ மரம் எரிந்தால் சுமார் 4,500 கிலோகலோரி வெப்பம் தரும். எந்த மரமானாலும் எடைக்கு எடை பார்த்தால் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் விறகுக்குள் இருக்கும் ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆவியாக்க சுமார் 600 கிலோகலோரி செலவாகிறது. இந்தச் சூடு பானைக்குப் போகாது. ஆவியோடு கூரைக்குப் போய்விடும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் பச்சை விறகு கிலோவுக்கு 1,950 கிலோகலோரி தருகிறது. காய்ந்த விறகு 3,480 தருகிறது. அதாவது ஒரு கிலோ காய்ந்த விறகு, ஒன்றே முக்கால் கிலோ பச்சை விறகுக்குச் சமம்.

இதுவும் காகிதக் கணக்குதான். அடுப்பில் நடப்பது இன்னும் மோசம். ஈர விறகு தீயின் சூட்டைக் குறைத்துவிடுவதால், மரத்திலிருந்து வெளிவரும் வாயு முழுவதும் எரியாமல் புகையாகவே போய்விடுகிறது. எரிந்தால் சூடாக வேண்டியது எரியாமல் புகையாகிறது. அந்தப் புகைக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்.

விற்பவருக்கு லாபமா, நஷ்டமா?

"பச்சையாக விற்றால் எடை நிற்கிறது, காய வைத்தால் எடை போகிறது. நாங்கள் ஏன் நஷ்டப்பட வேண்டும்?" என்று விறகு விற்கும் நண்பர் கேட்பது நியாயமான கேள்வி. இதற்கும் கணக்கிலேயே பதில் இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க, பச்சை விறகு கிலோ 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

100 கிலோ பச்சை விறகு வாங்கிய விலை ரூ.500. காய்ந்த பிறகு இருப்பது 62½ கிலோ. ஆகவே காய்ந்த விறகின் அடக்க விலை கிலோவுக்கு 8 ரூபாய். இங்கேதான் நம்மில் பலர் தவறுகிறோம். 5 ரூபாய்க்கு வாங்கினோம், ஆறரைக்கு விற்றால் ஒன்றரை ரூபாய் லாபம் என்று நினைத்துக் காய்ந்த விறகை விற்றால், உண்மையில் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் கைநஷ்டம். பிறகு "விறகு வியாபாரம் கட்டாது" என்று சலித்துக்கொள்கிறோம்.

வாங்குபவர் பக்கம் பார்ப்போம். பச்சை விறகு 5 ரூபாய் பெறுமானால், அதே சூட்டுக் கணக்கில் காய்ந்த விறகு 8 ரூபாய் 90 காசு பெறும். அந்த விலைக்கு விற்றால் 62½ கிலோவுக்கு ரூ.556 வரும். அடக்கம் போக ரூ.56 மிச்சம். இடவாடகை, வட்டி, அடுக்கும் கூலி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும் என்பதால் இது பெரிய லாபம் இல்லைதான். ஆனால் வாங்கியவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அதோடு புகையில்லாமல் எரிவது அவருக்கு இனாம். அடுத்த தடவையும் அவர் நம் கடைக்கே வருவார். விறகு வாங்க வந்தவர் உப்பு, புளி, மிளகாயையும் நம்மிடமே வாங்குவார். பலசரக்குக் கடைக்காரருக்கு விறகில் வரும் உண்மையான லாபம் அதுதான்.

விறகை வாங்கும்போது ஒரு யோசனை. தோட்டத்தில் பச்சையாக வெட்டிய மரத்தைக் கூடுமானவரை எடைக்கு வாங்காமல் லோடு கணக்கில், அதாவது அளவுக்கு வாங்குங்கள். மழையில் நனைந்தால் எடை கூடுமே தவிர லோடு கூடாது. எடைக்குத்தான் கொடுப்பேன் என்றால் பாதி தண்ணீர் என்று மனதில் வைத்து விலை பேசுங்கள். விற்கும்போது பச்சையும் காய்ந்ததும் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக அடுக்கி, தனித்தனி விலை எழுதிப் போடுங்கள். வாங்குபவர் தெரிந்து வாங்கட்டும். வரியைப் பொறுத்தவரை 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே எரிக்கும் விறகுக்கு விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. எடைக்கருவிக்கு மட்டும் முத்திரை தவறாமல் இருக்க வேண்டும்.

காய்ந்த விறகை எப்படி அறிவது?

கண், காது, கை மூன்றும் போதும்.

காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெடிப்புகள் ஓடியிருக்கும். நிறம் வெளுத்திருக்கும். பட்டை தளர்ந்து, தட்டினால் கழன்று விழும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று மோதினால் கணீரென்று கேட்டால் காய்ந்தது. தொப்பென்று கேட்டால் ஈரம். ஒரே கனமுள்ள கட்டைகளில் காய்ந்தது கைக்கு இலேசாகத் தெரியும். அடுப்பில் வைத்த பிறகு கட்டையின் மறுமுனையில் நுரை தள்ளி, உஸ் என்று சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம், அது ஈர விறகு.

கடைக்காரருக்கு இதைவிட நல்ல சோதனை தராசுதான். ஒவ்வொரு லோடிலும் இரண்டு மூன்று கட்டைகளுக்குக் குறி போட்டு, அடுக்கின் நடுவிலும் ஓரத்திலும் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து எழுதி வாருங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால் அந்த லோடு விற்பனைக்குத் தயார்.

அடுக்கும் முறை

மரம் உள்ளிருந்து வெளியே காய்வது மெதுவாக. பட்டை ஈரத்தை விடாது. ஆகவே உருட்டுக் கட்டையாகப் போட்டு வைப்பதைவிடப் பிளந்து வைத்தால் பாதி நாளில் காயும். ஒன்றரை அடி நீளம், மணிக்கட்டு கனம் வீட்டு அடுப்புக்கு ஏற்ற அளவு. யூகலிப்டஸ் போன்ற மரங்களைப் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு கோடாலிக்கு மசியாது.

தரையில் நேராகப் போடாமல் செங்கல்லோ கல்லோ வைத்து அரை அடி உயரத்தில் அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ் வரிசை ஈரத்தை உறிஞ்சும், கரையானும் ஏறும். சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி வேண்டும். மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போட்டு, பக்கங்களைத் திறந்து விட வேண்டும். சுற்றிலும் தார்ப்பாயால் மூடிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அடுக்கிலிருந்து எடுக்கும்போது பாம்பு, தேள் கவனம். கையை நுழைக்கும் முன் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எடுப்பது நல்லது.

நம் பள்ளத்தாக்குக்கு இயற்கையே ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. தை முதல் வைகாசி வரை வெயில். ஆனி, ஆடியில் மேற்கு மலை இடைவெளி வழியாக வீசும் காற்று. தையில் வாங்கிப் பிளந்து அடுக்கினால் ஆடிக்குள் நன்றாகக் காய்ந்துவிடும். புரட்டாசிக்குள் கூரைக்கு அடியில் கொண்டுபோய்விட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருக்கெல்லாம் காய்ந்த விறகு கொடுக்கிற ஒரே கடை நம் கடையாக இருக்கும். நாங்கள் இப்போது செய்வது இதைத்தான்.

எந்த மரம் எதற்கு?

எடைக்கு எடை சூடு ஏறத்தாழ ஒன்றுதான் என்று சொன்னோம். அப்படியானால் மரத்துக்கு மரம் என்ன வித்தியாசம்? எரியும் விதத்தில்தான் வித்தியாசம். கனமான மரம் நின்று எரிந்து நல்ல தணல் கொடுக்கும். இலேசான மரம் குப்பென்று பிடித்துச் சட்டென்று அடங்கும்.

நாட்டுக் கருவேலம், சீமைக்கருவேலம், புளி, சவுக்கு ஆகியவை நின்று எரியும் விறகுகள். சோறு வடிக்க, பருப்பு வேக வைக்க, டீக்கடைக்கு இவை ஏற்றவை. சவுக்கு கடலோர மாவட்டங்களின் விறகு. நம் பக்கம் வருவது குறைவு. சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண்மாயையும் தரிசையும் பிடித்துக்கொண்ட இந்த அயல்நாட்டு முள்மரம் உட்பட, அந்நியச் செடிகொடிகளை அகற்ற 2022-இல் தமிழக அரசு கொள்கையே வகுத்தது. விறகாக இதற்கு ஈடு குறைவு. நல்ல மரத்தை வெட்டாமல் இதை வெட்டி எரித்தால் நிலத்துக்கும் நன்மை, அடுப்புக்கும் நன்மை. முள்ளைக் கழித்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் வாழ்த்துவார்.

மா, பூவரசு, வேம்பு, மலையிலிருந்து வரும் சில்வர் ஓக், யூகலிப்டஸ் நடுத்தரம். காய்ந்தால் நன்றாகவே எரியும். மூணாறு தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு எரிபொருள் வேண்டும் என்பதற்காகவே யூகலிப்டஸ் தோப்புகள் வளர்க்கப்பட்டன. காப்பிச் செடியைப் பிடுங்கும் காலத்தில் கீழே வரும் காப்பிக் கட்டையும் கனமான, நல்ல விறகு.

தென்னை மட்டை, பாளை, சிரட்டை நம் பள்ளத்தாக்கின் சொந்தச் சரக்கு. மட்டையும் பாளையும் தீ மூட்டவும் வெந்நீருக்கும் நல்லவை. பக்கத்திலேயே இருந்து தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். சிரட்டை நல்ல சூடு கொடுக்கும்.

முருங்கை, கல்யாண முருங்கை, இலவு, ஒதியன் போன்றவை பார்க்கப் பெருத்திருக்கும், அடுப்பில் ஒன்றுமில்லை. ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்பார்கள்; அடுப்புக்கும் ஆகாது. லோடில் இவற்றைக் கலந்து தள்ளப் பார்ப்பவர்கள் உண்டு. பார்த்து வாங்குங்கள்.

சுருளிப்பட்டிக்காரர்கள் நாங்கள் திராட்சையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சைத் தோட்டங்களில் ஒவ்வொரு காய்ப்புக்கும் முன்பு கவாத்து செய்கிறார்கள். கழித்த கொடிகள் மெல்லியவை. சீக்கிரம் காயும், சுறுசுறுப்பாக எரியும். ஆனால் திராட்சைக்கு மயில்துத்தக் கலவை முதல் பல மருந்துகள் அடிக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. நீலம் பூத்த கொடியையும், அண்மையில் மருந்து அடித்த கொடியையும் சமையல் அடுப்புக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. அதை மட்க வைத்து உரமாக்கலாம்.

அறவே எரிக்கக்கூடாதவை சில உண்டு. அரளிக் கட்டை விஷம். அதன் புகையும் ஆகாது. பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல், ஒட்டுப்பலகை, மருந்து ஏற்றிய மரம் இவற்றின் புகையும் சாம்பலும் கெடுதல். பாலிதீன் பை, டயர்த் துண்டு வைத்துத் தீ மூட்டும் பழக்கத்தைக் கைவிடச் சொல்லி நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். காய்ந்த சுள்ளி, பாளை, தேங்காய் நார் இருக்க இவையெல்லாம் எதற்கு?

காட்டு விறகு வேண்டாம்

ஒரு காலத்தில் சுருளி மலையிலிருந்து தலைச்சுமையாக விறகு இறங்கி வந்ததும், கடைக்காரர்கள் சுமை கணக்கில் வாங்கி அடுக்கியதும் நம் பெரியவர்கள் கண்ட காட்சி. இன்று அந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். சுருளி அருவியைச் சுற்றியுள்ள காடு, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அங்கே பொருந்தும். வெட்டியவர் மட்டுமல்ல, தெரிந்து வாங்கிய வியாபாரியும் வழக்கில் சிக்குவார்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தக் காடுதான் சுருளியாற்றுக்குத் தண்ணீர் தருகிறது. அந்தத் தண்ணீரில்தான் நம் ஊர்த் தோட்டமும் பிழைக்கிறது. தோட்டம் பிழைத்தால்தான் நம் கடையில் வியாபாரம். ஆகவே பட்டா நிலத்து மரம், தோட்டக் கழிவு, சீமைக்கருவேலம் என்றே வாங்குவோம். யாரிடம், எந்தத் தோட்டத்தில் வாங்கினோம் என்று ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்வோம். சில மரங்களை வண்டியில் ஏற்றிச் செல்ல வனத்துறை அனுமதி வேண்டும். ஏற்றும் முன்பு வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் வழியில் நிற்க வேண்டியதில்லை.

அடுப்பில் பாதி, ஆளிடம் பாதி

விறகு காய்ந்திருந்தாலும் அடுப்பு சரியில்லை என்றால் சூடு வீண். மூன்று கல் கூட்டிய அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்குதான் பானைக்குச் சேர்கிறது. நல்ல முறையில் செய்த அடுப்பில் நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சேரும். வாங்கிப் போகிறவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய சில விஷயங்கள்:

விறகை அடுப்பு வாய் நிறையத் திணிக்கக்கூடாது. தீக்கு விறகைப் போலவே காற்றும் தேவை. அடியில் கம்பித்தட்டு வைத்துச் சற்று உயர்த்தினால் காற்று கீழிருந்து வரும். ஊதுகுழலுக்கு வேலை குறையும். பெரிய கட்டை ஒன்றைவிடச் சிறு பிளவுகள் மூன்று நன்றாக எரியும். நுனி எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். தீயின் நாக்கு பானையின் அடியைத் தொட வேண்டும்; பக்கவாட்டில் வெளியே வந்தால் அது வீண். பானைக்கு மூடி போட வேண்டும். பருப்பு, பயறு வகைகளை ஊற வைத்து வேக வைத்தால் விறகு வெகுவாக மிச்சமாகும். கொதி வந்த பிறகு விறகை வெளியே இழுத்துத் தணலில் வேக விட வேண்டும். ஒற்றை அடுப்பைவிடக் கொடியடுப்பு சிக்கனம். போகிற சூட்டில் பக்கத்துப் பானையில் வெந்நீர் காயும். வேலை முடிந்ததும் மீதிக் கட்டையை அணைத்து வைத்தால் அந்தக் கரி அடுத்த நாளைக்கு உதவும். தணலை மட்டும் மூடிய அறைக்குள் குளிருக்கு வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

புகைபோக்கி வைத்த அடுப்பு புதிய யோசனை அல்ல. ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ்.பி. ராஜு 1950-களிலேயே ஏழை வீட்டுக்கான புகையில்லா அடுப்பை வடிவமைத்து நூலும் எழுதினார். மத்திய அரசு 1983-இல் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரை மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. அவற்றில் நிறைய அடுப்புகள் நிலைக்கவில்லை. குழாயில் கரி அடைத்தால் புகை திரும்பி அறைக்குள்ளேயே வரும். அதைச் சுத்தம் செய்யவும் உடைந்ததை மாற்றவும் ஊரில் ஆள் இல்லை. அடுப்பு கொடுத்தால் மட்டும் போதாது, பராமரிப்பும் வேண்டும் என்பதே அதில் கிடைத்த பாடம். புகைபோக்கி உள்ளவர்கள் மாதம் ஒருமுறையாவது கரியைத் தட்டிவிட வேண்டும். ஈர விறகு எரித்தால் அது இன்னும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

ஏலக்காய்க்கு உள்ள மரியாதை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வீட்டு அடுப்புப் புகை முதலிய வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசினால் 2020-இல் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் அகாலத்தில் இறந்தார்கள். குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நுரையீரல் நோய், இருதய நோய், பெண்களுக்குக் கண்புரை இவையெல்லாம் இந்தப் புகையோடு தொடர்புள்ளவை.

இதைச் சொல்லும்போது நம் ஊர்க் காட்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. கம்பம் மெட்டுக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். விறகு எரிவது வெளியே. சூடு மட்டும் இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் போகும். புகை ஏலக்காயைத் தொடாமல் வெளியேறிவிடும். புகை நாற்றம் ஏறி, பச்சை நிறம் மங்கினால் போடி ஏலத்தில் விலை இறங்கிவிடும் என்பதால் அத்தனை கவனம். ஏலக்காய்க்குக் கொடுக்கும் அந்த மரியாதையை நம் வீட்டுப் பெண்களின் நுரையீரலுக்கும் கொடுக்க வேண்டாமா?

கடைசியாக, நாம் விறகு விற்பவர்களாக இருந்தாலும் ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று பானைக்குச் சேர்க்கும் சூட்டைப் பெற, சாதாரண அடுப்பில் சுமார் 175 கிலோ காய்ந்த விறகு வேண்டும். நல்ல அடுப்பில் சுமார் 105 கிலோ போதும். மேலே சொன்ன 8 ரூபாய் 90 காசு விலையில் முதலாவதற்கு ரூ.1,550-க்கு மேல் ஆகும், இரண்டாவதற்கு ரூ.950-க்குள் ஆகும். ஆகவே விலைக்கு வாங்கும் விறகு எப்போதுமே கேஸை விட மலிவு என்பது சரியல்ல. அது விறகு காய்ந்ததா, அடுப்பு நல்லதா என்பதைப் பொறுத்தது. தினசரிச் சமையலுக்குக் கேஸ் வாங்க முடிந்தவரை அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். பெரிய சட்டிக்கும் வெந்நீருக்கும் விறகைக் கேட்டு வரட்டும். உண்மை சொன்ன கடையை யாரும் மறப்பதில்லை.

அந்த அப்பத்தாவுக்கு அன்று 20 கிலோ விறகு விலையையும் திருப்பிக் கொடுத்து, வீட்டுக்கென்று வைத்திருந்த காய்ந்த புளியங்கட்டையில் ஒரு கட்டும் கொடுத்தனுப்பினோம். அடுத்த வருடம் தீபாவளிக்கு அவர் வந்தார். கட்டையைக் கையில் எடுத்து, ஒன்றோடொன்று தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது விறகு. 20 கிலோ போடுங்கப்பா" என்றார். அன்று முதல் எங்கள் கடையில் விறகு வாங்க வருபவர்கள் எல்லோரையுமே தட்டிப் பார்த்து எடுக்கச் சொல்கிறோம்.